இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே

பெல்ட் நகர ஆரம்பித்துவிட்டது, நடங்க டீச்சர், கீழே பார்க்காதீங்க, நேரா சுவரைப் பாருங்க என்கிறாள் இந்தப் பெண், செண்பகவல்லி, சட்டையில் குத்தியிருக்கிற தகட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, பெயரைப் பார்த்தால் கோவில்பட்டிப் பக்கமாக இருக்க வேண்டும், இருபத்திநாலு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், எனக்கு நடக்கச் சொல்லித் தருகிறாள். முப்பத்தோரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் நான். தூத்துக்குடியில் பாதி வீட்டு அம்மாக்களுக்கு இடது எது வலது எது என்று சொல்லிக்கொடுத்தவள். லூர்து டீச்சர் விசில் ஊதினால் காம்பவுண்டுக்கு வெளியே போகிற சைக்கிள்காரன்கூட ஒரு கணம் நிற்பான் என்று சொல்வார்கள். இப்போது நெஞ்சில் பத்து இடத்தில் பசை ஒட்டி வயர் மாட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, முன்பக்கம் திறக்கிற பச்சை அங்கியைப் போர்த்தி, ஆறடிப் பட்டையில் போகாத ஊருக்கு நடக்க விட்டிருக்கிறார்கள். திரையில் நிமிஷம் ஓடுகிறது, இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை. மொத்தம் ஒன்பது. மூன்று மூன்று நிமிஷமாக மூன்று கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் வேகமும் கூடும் மேடும் கூடும், உடம்புக்கு என்ன செய்தாலும் உடனே சொல்லணும் என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். சின்ன வயசு டாக்டர், முகத்தில் தூக்கம் போதாத களை. சொல்கிறேன் சொல்கிறேன் என்றேன். ஒன்பது நிமிஷம் எனக்கு ஒரு பொருட்டா, அசெம்பிளிக்கு முன்னால் மைதானத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து பிரேயருக்கு நிற்கிறவள். ஆனால் இந்த ஒன்பது நிமிஷம் எனக்காக இல்லை. வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்காக.

பாத்திமா. எனக்குப் பதினோரு நிமிஷம் மூத்தவள், அந்தப் பதினோரு நிமிஷத்தை ஐம்பத்துநாலு வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறவள். ஒரே கருவில் பிறந்த இரட்டை, ஒரே மூக்கு, ஒரே நெற்றி, ஒரே மாதிரி வளைந்த சுண்டுவிரல். பிறந்த அன்று இரண்டு மாதாவும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று அப்பா லூர்து, பாத்திமா என்று பேர் வைத்தாராம். அந்த அப்பா ஐம்பதாவது வயதில் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, வயிறு ஒரு மாதிரி இருக்கு என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அப்போது அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. டாக்டர் கேட்டபோது இதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, உங்களோட ட்வின் சிஸ்டரைக் கட்டாயம் பார்த்தாகணும், உங்க உடம்புதான் அவங்க உடம்பும் என்றார். ஏழு வாரமாக நான் இவளைக் கூப்பிடுகிறேன். திருவிழா முடியட்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம், உன் அத்தான் கப்பலிலிருந்து போன் பண்ணுவாங்க, எனக்கு என்ன, நான் கல்லுக் கணக்கா இருக்கேன். ஒரு சாக்கு தீர்ந்தால் இன்னொன்று. பிள்ளைகள் டிரில் பீரியடுக்குச் சொல்கிற சாக்கு எல்லாம் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சண்டை பெரிதாகிவிட்டது. கடைசியில் மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாள், ஏட்டி, அந்த மெசின்ல நீ ஒம்பது நிமிசத்த முழுசா முடிச்சிட்டு எறங்கு, நானும் ஏறுதேன், நடுவுல நிப்பாட்டினேன்னு வச்சுக்கோ, பெறகு இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்கவே கூடாது. சத்தியமா என்றேன். சத்தியமா என்றாள். நான் முடிக்க மாட்டேன் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஓட்டப் பந்தயம் என்று வந்துவிட்டால் நான் விட மாட்டேன் என்று எனக்கு. ரெண்டு நிமிஷம் ஆயிற்று, மூச்சு சீராக இருக்கிறது, கால் தன்பாட்டில் போகிறது.

செண்பகவல்லி என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறாள். கை இறுகுகிறது, இறுகும்போதெல்லாம் அந்த சனிக்கிழமை வந்துவிடுகிறது. டிசம்பர் முதல் வாரம், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறான் என்று இரும்பு பீரோவை நான் ஒருத்தியே நகர்த்தினேன். ஆள் வந்து நகர்த்தியிருப்பான், அவனிடம் என் பலத்தைக் காட்ட வேண்டுமா, காட்டினேன். சாயங்காலம் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, பிடித்துக்கொண்டது. பீரோ நகர்த்தினால் முதுகு பிடிக்காமல் பின்னே என்ன செய்யும். எல்லாம் பொருந்திவந்தது, அதுதான் மோசம். வலி ஒன்று வந்தால் நாம் உடனே அதற்கு ஒரு காரணத்தைத் தேடி மாட்டிவிடுகிறோம், மாட்டியபிறகு வலியைப் பார்ப்பதே இல்லை. பாத்திமா சத்தம் கேட்டு அவள் வீட்டிலிருந்து வந்தாள், நடுவில் ஒரு சுவர்தான், பீரோவப் போய்த் தூக்குவாளா கிறுக்கி என்று திட்டிக்கொண்டே எண்ணெயைச் சுடவைத்தாள். இரட்டையாகப் பிறந்தவர்கள் நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் தெருவில் வேதவாக்கு. நானும் இரட்டைதான், ஆனால் என் கை இரும்பு என்று யாரும் என்னிடம் வர மாட்டார்கள், எல்லாரும் பாத்திமாவிடம்தான். கழுத்து, இடுப்பு, கணுக்கால், வலை இழுத்துத் தோள் கழன்றவர்கள், பிள்ளையைத் தூக்கி இடுப்பு பிடித்தவர்கள். காசு வாங்க மாட்டாள், மாதா கொடுத்த கை என்பாள். அந்தக் கையால் நீவினாள். சுகமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே சுகமாக இருந்தது, அரைமணி நேரத்தில் வலி இறங்கிப்போனது. பார்த்தியாட்டி என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேடு கூடிவிட்டது. இரண்டாம் கட்டம். பாலத்தில் ஏறுகிற மாதிரி இருக்கிறது, நான் கொஞ்சம் முன்னால் சாய்கிறேன், கம்பியை இறுக்கிப் பிடிக்காதீங்க டீச்சர், சும்மா தொட்டுக்கோங்க என்கிறாள். தொட்டுக்கொள்கிறேன். ஞாயிறு பூசையில் பாட்டுக்கு வாய் திறந்தால் தாடை கனத்தது, பல் கூசுகிற மாதிரி இரண்டு பக்கமும் கனத்தது, கடைவாய்ப் பல் ஒன்று எனக்கு ரொம்ப நாளாக ஆடுகிறது, அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. மத்தியானம் நண்டுக் குழம்பு, இரண்டு வாய்தான் இறங்கியது, குமட்டல், வேர்த்துக் கொட்டியது. நண்டு கெட்டுப்போயிருக்கும் என்றேன் நான். உன் வாய்தான் கெட்டுப்போச்சு, காலையில பிடிச்ச நண்டு என்றாள் அவள். ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள், எலுமிச்சை பிழிந்து சோடா கொடுத்தாள், ஒரு பெரிய ஏப்பம் வந்தது, இரண்டு பேரும் சிரித்தோம். வாயுதான் என்று ஏகமனதாக முடிவாகிவிட்டது. மறுபடி எண்ணெய், மறுபடி நீவல். இந்தத் தடவை கொஞ்ச நேரம்தான் இறங்கியது. ஆனால் நான் நல்லாயிருக்கு என்றேன். அவள் அத்தனை நேரம் மண்டிபோட்டு நீவியிருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை, நல்லாயில்லை என்று எப்படிச் சொல்வது. அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நல்லாயிருக்கு. எத்தனை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, வலியை வாயில் சொல்லாதே, காலில் காட்டு, ஓடு என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு என்று ஒரு சோதனை வேறு உண்டு. வயிற்று வலி டீச்சர் என்று ஒருத்தி வந்தால், எங்கே, ஒரு விரலால் காட்டு என்பேன். ஒரு விரலால் காட்டினால் நிஜ வலி, உள்ளங்கையை விரித்துத் தடவினால் பொய் வலி, போய் வரிசையில் நில். முப்பத்தோரு வருஷம் இதை வைத்து நீதி வழங்கியிருக்கிறேன். அந்த ஞாயிறு பாத்திமா எங்கட்டி வலிக்கி, சரியாக் காட்டு என்று கேட்டபோது என்னால் ஒரு விரலால் காட்ட முடியவில்லை, அகலமாக, ஒரு கை அளவுக்கு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தது. என் சட்டப்படி அது பொய் வலி. போய் வரிசையில் நின்றேன்.

நாலு நிமிஷம் கழிந்துவிட்டது. திரையில் கோடுகள் குதித்துக் குதித்துப் போகின்றன, டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, நாங்கள் மார்க் போடும்போது வைத்துக்கொள்கிற முகம். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷம், நடுவில் ரயில்வே கேட். பை தோளில், விசில் கழுத்தில், வலி முதுகில். கேட்டுக்கு வரும்போது வலி நல்லா ஏறியிருந்தது, தாடையும் சேர்ந்துகொண்டது. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், எண்ணி முடியாத பெட்டிகள், எல்லாரும் எரிச்சலோடு நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன். நிற்க நிற்க வலி இறங்கியது. ரயில் போய் முடிந்தபோது சுத்தமாக இல்லை. அப்பாடா, பாத்திமா கை இப்போதுதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். கேட் திறந்தார்கள், நடந்தேன், நூறு அடி போயிருக்க மாட்டேன், திரும்ப வந்துவிட்டது, அதே இடம், அதே கனம். நின்றேன். போயிற்று. ஒரு இருபது அடி நடந்தேன். வந்தது. அப்போதுதான், கடவுளே, அப்போதுதான் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். சுளுக்கு என்றால் திரும்பினால் வலிக்க வேண்டும், குனிந்தால் வலிக்க வேண்டும், கையைத் தூக்கினால் உயிர் போக வேண்டும். நடுரோட்டு ஓரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன், இடுப்பை இடதுபக்கம் திருப்பினேன், வலதுபக்கம் திருப்பினேன், குனிந்து ஷூவைத் தொட்டேன். ஒன்றுமில்லை. போகிற வருகிறவர்கள் டீச்சருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். முதுகு நல்ல முதுகு, பீரோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, அப்படி ஒரு வலி உடம்பில் எதற்கு உண்டு என்று யோசித்தேன். ஓடினால் வேலை கூடுவது எதற்கு, நின்றால் ஓய்வது எதற்கு, ஒன்பதாம் வகுப்புக்கு நானே படம் போட்டு நடத்துகிற பாடம். வேர்வை குளிர்ந்து முதுகில் இறங்கியது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். இன்னும் ஒரு அடி வைக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. அங்கேயே நின்று ஆட்டோவைக் கைகாட்டி, பள்ளிக்கூடமா டீச்சர் என்றவரிடம், இல்லை, இருதயம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க, வேகமா, ஆனா குலுக்காம என்றேன். குரல் நடுங்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அஞ்சரை. தொண்டை வறள்கிறது, தண்ணீர் கேட்கலாமா, வேண்டாம், கேட்டால் நிறுத்துவார்கள். அன்றைக்கு மணிக்கட்டு வழியாக வயரை விட்டு, அடைப்பை நீக்கி, சின்னதாக ஒரு வலைக்குழாய் வைத்தார்கள், நான் விழித்துக்கொண்டே திரையில் என் இருதயத்தைப் பார்த்தேன். சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் பெரிய டாக்டர் பாத்திமாவிடம் பேசியது எனக்குக் காதில் விழுந்தது, அவருக்கு மெதுவாகப் பேச வராது. ரெண்டு நாளா இருந்திருக்கும்மா, முதல் நாளே வந்திருந்தா கொஞ்சம் இருதயத் தசையைக் காப்பாத்தியிருக்கலாம், முதுகு வலின்னு நினைச்சுத் தேச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அவ்வளவுதான் சொன்னார், திட்டக்கூட இல்லை. அவள் உள்ளே வந்தபோது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அன்றையிலிருந்து அவள் யாருக்கும் நீவவில்லை. எங்கள் தெரு கோயில்பிச்சையின் மகன் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தான், ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று கதவைச் சாத்திவிட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் குப்பையில் போட்டுவிட்டாள். நான் சொன்னேன், நீ எங்கட்டி தப்புப் பண்ணுன, நாந்தான் நல்லாயிருக்குன்னு சொன்னேன். அவள் உப்பில்லாத ரசத்தை ஆற்றினாள். ஏழு வாரமாக இளைத்துக்கொண்டே வருகிறாள், சோற்றில் பாதியை வைத்துவிடுகிறாள், ஒரு வேலை செய்தால் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுகிறாள். மனசு அடிபட்டவளுக்கு அப்படித்தான் இருக்கும், தேறிவிடுவாள் என்று விட்டிருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து இதைப் பேசிச் சிரிக்க வேண்டும். சிரிக்க இரண்டு பேரும் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மேடு.

மூன்றாம் கட்டம் டீச்சர், வேகம் கூடுது, ரெடியா என்கிறாள். தலையாட்டுகிறேன். இது நடை இல்லை, ஓட்டத்துக்கு ஒரு படி கீழே. மேடு செங்குத்தாக நிற்கிறது, பட்டை காலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நான் பின்னால் போகிறேன், எட்டி வைத்து முன்னால் வருகிறேன். வீட்டுக்கு வந்த முதல் வாரம் கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் போவதற்கு எனக்குத் தைரியம் இல்லை என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உடம்பில் எங்கே சுருக்கென்றாலும் அதுவோ. ஏப்பம் வந்தால் அதுவோ. ராத்திரி இடதுபக்கம் திரும்பிப் படுத்தால் காதுக்குள் துடிக்கிறதே, அதுவோ. முன்பு எந்த வலிக்கும் ஒரு சப்பைக்கட்டுக் காரணம் வைத்திருந்தவள், இப்போது எல்லா வலிக்கும் ஒரே காரணம் வைத்திருந்தேன். எட்டாம் நாள் எனக்கே என்மேல் கோபம் வந்தது. நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். இன்றைக்கு வாசல் வரை. நாளைக்குக் குழாயடி வரை. ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், பன்னிரண்டு. மாதா கோயில் வரை போய்த் திரும்ப ஒரு மாதம் ஆனது, அன்றைக்குக் கோயில் படியில் உட்கார்ந்து அழுதேன், யாரும் பார்க்கவில்லை. மாத்திரை ஐந்து, வேளை தவறியதில்லை. பிள்ளைகளுக்கு நான் போட்ட பயிற்சிகளிலேயே இதுதான் ஒழுங்கான பயிற்சி, எனக்கு நானே போட்டது. ஜூனில் மைதானத்துக்குப் போவேன், விசில் ஊதுவேன், ஆனால் ஒருத்தி வந்து ஏதோ செய்யுது டீச்சர் என்றால் இனிமேல் விரலைக் கேட்க மாட்டேன், உட்காரவைத்து முழுசாகக் கேட்பேன். ஆறே முக்கால். தொடை எரிகிறது, இந்த எரிச்சலை எனக்குத் தெரியும், பழைய சிநேகிதம், இது நல்ல எரிச்சல்.

ஏழு. ஏழு ஐந்து. ஏழு பத்து. அங்கே ஏதோ செய்கிறது. இல்லை, ஒன்றும் செய்யவில்லை. பார்க்காதே, சுவரைப் பார், சுவரில் காய்கறிப் படம், கேரட், கத்தரிக்காய். செய்கிறது. முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, அதே இடம். அதே இடமா, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளியா. கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், அவள் பிடிக்காதே என்றாள், பிடித்துவிட்டேன், அதனால் தோள் இறுகியிருக்கும், அது சதை வலி. சுளுக்கு. அட, மறுபடி காரணம் மாட்டுகிறாயா லூர்து. கையை எடுத்துத் தொட்டுப் பார்க்க முடியாது, கையை எடுத்தால் விழுவேன். திரும்பிப் பார்க்க முடியாது, நின்று பார்க்க முடியாது. அன்றைக்கு ரயில் வந்து என்னை நிறுத்திவைத்தது, இங்கே எனக்கு யார் கேட் போடுவார்கள். ஏழு இருபது. இன்னும் நூறு வினாடி. நூறு வினாடியை யாரும் தாங்குவார்கள். நானூறு மீட்டரில் கடைசி வளைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி மாவட்டத்தில் ஜெயித்தவள் நான். நூறு வினாடி பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு இறங்கினால் அவள் ஏறியாக வேண்டும், மாதா படத்துக்கு முன்னால் சொன்ன சத்தியம். இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போயிற்று. பேச்சை எடுக்கக் கூடாது என்றாள், அவள் பிடிவாதக்காரி, எடுக்கவே விட மாட்டாள், அப்பாவைப் போல் ஒரு நாள் படுத்துவிட்டு எழுந்திருக்க மாட்டாள், சுவருக்கு இந்தப்பக்கம் நான் இருந்துகொண்டே இருப்பேன். திரையைப் பார்த்து நிற்கிற இவருக்கு என் முதுகு தெரியாது. வலி எனக்கு மட்டும்தான் தெரியும், நான் நல்லாயிருக்கு என்றால் நல்லாயிருக்கு. எத்தனை சுலபம். ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்துக்காகச் சொன்னேன், இன்றைக்கு அவள் உயிருக்காகச் சொல்கிறேன், இது வேறு இல்லையா. ஏழு முப்பது. வேறா. மறைத்து ஓடி ஜெயித்து, அவளைப் பார்த்து உன் உடம்பை மறைக்காதே என்று சொல்வேனா. அவளுக்கு என் முகம் தெரியும், அவளுடைய முகம்தானே அது. ஒருவேளை இது நிஜமாக அதுதான் என்றால், இந்த நூறு வினாடிக்குள் நான் இங்கேயே விழுந்தேன் என்றால், அவள் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஜென்மத்துக்கும் கால் வைக்க மாட்டாள். தோற்றால் தோற்றேன். பந்தயத்தில் தோற்றுவிட்டு நாளைக்குக் காலையில் மறுபடி கூப்பிடுவேன், சத்தியத்தை மீறிக் கூப்பிடுவேன், கையைப் பிடித்து இழுப்பேன், ஊர் கூட்டுவேன். அதற்கு நான் இருக்க வேண்டும்.

"நிப்பாட்டுங்க. முதுகுல வலிக்குது."

"எங்க டீச்சர்?"

"நடுவுல. இப்பதான், அரை நிமிஷமா."

பட்டை உடனே நிற்கவில்லை, மெதுவாகிறது, மேடு இறங்குகிறது, டாக்டர் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எதையோ அழுத்துகிறார். கட்டிலில் படுக்கவைக்கிறார்கள். கை இறுகுகிறது, தளர்கிறது. கோடு போட்ட தாள் நீளமாக வெளியே வருகிறது, அவர் அதை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போகிறார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன், திரையில் கடைசியாக நின்ற எண் தலைகீழாகத் தெரிகிறது, ஏழு நாற்பத்திரண்டு. இதைவிடக் கேவலமாக நான் எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. ஆனால் மூச்சு சீராகிக்கொண்டு வருகிறது, உள்ளே கலக்கம் இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. இப்ப இருக்கா என்கிறார். கையைத் தூக்கிப் பார்க்கிறேன். தூக்கினால் சுள்ளென்கிறது, இறக்கினால் போகிறது. சொல்கிறேன். அவர் தோள்பட்டைக்குக் கீழே விரலால் அழுத்துகிறார், இங்கயா, ஆமாம் அங்கேதான், அழுத்தினால் உயிர் போகிறது.

"ஈ.சி.ஜி. சுத்தமா இருக்கும்மா. கடைசி வரைக்கும் ஒரு மாற்றமும் இல்ல. நீங்க கம்பியில தொங்குற மாதிரி பிடிச்சிருந்தீங்க, இது சதைதான்."

"அப்ப நான் ஓடியிருக்கலாமா?"

"ஓடியிருக்கலாம். ஆனா அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொன்னதுதான் சரி. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம், ஜூன்ல நீங்க ஸ்கூலுக்குப் போலாம்."

பசையைப் பிய்க்கும்போது செண்பகவல்லி ஒவ்வொன்றுக்கும் ஸாரி சொல்கிறாள். நான் சேலையைக் கட்டுகிறேன், மடிப்பு நிற்கவில்லை, மறுபடி கட்டுகிறேன். வெளியே போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறேன். சதைதானாம், முடிச்ச மாதிரிதான் என்று சொல்லலாம். வேண்டாம். கதவைத் திறந்தால் அவள் எழுந்து நிற்கிறாள், பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருக்கிறாள். முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு என் காலை.

"முடிச்சிட்டியாட்டி?"

"இல்ல. ஒண்ணேகால் நிமிசம் பாக்கி. நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

"நீயா?"

"வலிச்சுது. சொல்லிட்டேன். ஒண்ணுமில்லையாம், சதையாம். ஆனா தோத்துட்டேன்."

அவள் ஜெயித்தவள் மாதிரி இல்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறாள். அந்த நடைக்கூடத்தில் யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள், ஒரு சக்கர நாற்காலி போகிறது, நாங்கள் சுவரோரம் ஒதுங்குகிறோம்.

"எங்க வலிச்சுது?"

என் முதுகில் அந்த இடம் எனக்கு எட்டாது. அவளைத் திருப்பி நிறுத்தி, அவள் முதுகில், ரவிக்கைக்கு மேலே, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே கையை வைக்கிறேன். இங்கன என்கிறேன். ரவிக்கை நனைந்திருக்கிறது. இந்த ஏ.சி. குளிரில் உட்கார்ந்திருந்தவளுக்கு ரவிக்கை நனைந்திருக்கிறது. கையை எடுக்கவில்லை நான். அவளும் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள்.

"எனக்கும் அங்கனதான் லூர்து. பத்து நாளா. தண்ணிக் குடத்தத் தூக்கினா வருது, எறக்கி வச்சா போயிருது. நீ மெசின்ல ஏறணும், உன்னப் பயமுறுத்தக் கூடாதுன்னு..."

"இப்ப இருக்கா?"

"இருக்கு."

அவளை மறுபடி அந்தப் பெஞ்சில் உட்காரவைக்கிறேன், ஒரு அடிகூட நடக்க விடவில்லை. பையை வாங்கிக்கொள்கிறேன். கதவைத் தள்ளி, செண்பகவல்லி, சக்கர நாற்காலி கொண்டு வாம்மா, டாக்டரைப் போக விடாதே என்று, மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் கூப்பிடுகிறேன்.